பட்டறைக்குப் பின்னே

ஒரு நாவல் படித்தோம். விடைத்தாள் திருத்தும் பணிக்காக நகரத்துக்குச் சென்றுவந்த நாட்கள் அவை. காலையிலே தாம்பரத்தில் ஏறுவோம், நுங்கம்பாக்கத்தில் இறங்குவோம், மாலையில் அதே வழியே திரும்புவோம். நின்றுகொண்டு பாதி, இடம் கிடைத்தபோது அமர்ந்துகொண்டு பாதி என்று நான்கு நாட்களில் படித்து முடித்தோம். ஐந்தாம் நாள் கையிலே புத்தகம் இல்லை. நெஞ்சிலே பாரம் இருந்தது.

எழுதியவர் லான் சமந்தா சாங் என்னும் பெண்மணி. சீனக் குடும்பத்தில் வந்த அமெரிக்கர். அயோவா பல்கலைக்கழகத்திலே 1936ஆம் ஆண்டு தோன்றிய எழுத்தாளர் பட்டறைக்கு 2006இல் தலைமை ஏற்றவர். எனவே பட்டறையின் உள்ளும் புறமும் அறிந்தவர். ‘ஆல் இஸ் ஃபர்காட்டன், நத்திங் இஸ் லாஸ்ட்’ என்ற அந்த நாவல் 2010இல் வெளிவந்தது. எல்லாம் மறந்துபோயின, எதுவும் தொலைந்துபோகவில்லை என்பது தலைப்பின் பொருள்.

கதை சிறியது. ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியையிடம், கவிதை பயின்ற மாணவர்கள். அவர்களுள் ரோமன் என்பவன் பரிசு பெறுகிறான், பதவி பெறுகிறான், பெயர் பெறுகிறான். பெர்னார்ட் என்பவன் ஒரே ஒரு நெடுங்கவிதையை எழுதுவதும் திருத்துவதுமாக, வறுமையையே துணையாகக் கொண்டு ஆண்டுகளைக் கழிக்கிறான். இருவரில் யார் கவிஞன்? இதுதான் நாவல் கேட்கும் கேள்வி என்று பலர் சொல்லக்கூடும். நமக்கு அப்படிப் படவில்லை. அதே வகுப்பிலே லூசி என்றொருத்தியும் இருந்தாள். அவளும் எழுதியவள்தான். ரோமனை மணந்தாள், எழுத்தை ஒதுக்கிவைத்தாள், இல்லத்தைக் கவனித்தாள். அவள் வரும் பக்கங்களிலேதான் நாம் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டோம்.

ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

“அமெரிக்கக் கதைதானே, அதற்கும் நமக்கும் என்ன?” என்றார் விடைத்தாள் மேசையில் உடனிருந்த நண்பர். என்ன என்றா கேட்டார்! அந்தக் கதை நம் மண்ணிலே நடந்திருக்கிறது, நண்பர்களே. அங்கே கற்பனையாக எழுதியதை இங்கே இரத்தமும் சதையுமாக வாழ்ந்தே காட்டிவிட்டார்கள்.

மதுரைக்குச் செல்லுங்கள். தெப்பக்குளத்தை அடுத்து, கருமுத்து தியாகராசர் 1949இல் நிறுவிய கல்லூரி. ஔவை சு. துரைசாமி, சி. இலக்குவனார் போன்ற பேரறிஞர்கள் தமிழ் கற்பித்த இடம். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே பயின்றவர்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: அப்துல் ரகுமான், மீரா என்று நாம் அறிந்த மீ. இராசேந்திரன், நா. காமராசன், அபி, இன்குலாப், கா. காளிமுத்து. ஒரே கல்லூரியின் வாயில் வழியே, சில ஆண்டு இடைவெளிக்குள், இத்தனை பேர்! பட்டறை என்ற பெயர்ப்பலகை அங்கே இல்லை. வகுப்பறை இருந்தது, விடுதித் திண்ணை இருந்தது, கவியரங்கம் இருந்தது. பிறகு போராட்டமும் வந்து சேர்ந்தது.

1965ஆம் ஆண்டு சனவரி 26. அன்று முதல் இந்தியே ஆட்சிமொழி என்ற நிலை. நாடெங்கும் மாணவர் கொதித்தெழுந்தனர். அரசியலமைப்புச் சட்டத்திலே ஆட்சிமொழியைப் பற்றிப் பேசும் 17ஆம் பகுதியைத் தீயிலிட மதுரையிலே முன்வந்த மாணவர்கள் யார்? காமராசனும் காளிமுத்துவும்! யாப்பு படித்த கைகள் தீக்குச்சியைப் பற்றின. மாணவரை மட்டுமா சிறை அழைத்தது? பேராசிரியர் இலக்குவனாரும் அவ்வாண்டு சிறை புகுந்தார். ஆசானும் மாணவரும் சிறைவாயிலிலே சந்திக்கும் காட்சி எந்த நாட்டு நாவலிலே வருகிறது?

சரி, அதன் பின்?

அதன் பின் என்னும் இடத்திலேதான் பாதைகள் பிரிகின்றன. காளிமுத்து அரசியலிலே புகுந்தார். 1971இல் சட்டமன்றம் சென்றார், அமைச்சரானார், 2001 முதல் 2006 வரை பேரவைத் தலைவராக வீற்றிருந்தார். அவரது மேடைத் தமிழைக் கேட்டவர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். மேடை இறங்கியதும் காற்றோடு கலந்துவிடும் கலை அது. எழுதியிருக்க வேண்டியவரை அது எழுதவிடவில்லையோ என்று ஓர் ஐயம் நமக்கு உண்டு.

காமராசனின் கதை இன்னும் நெஞ்சைத் தைப்பது. 1971இல் ‘கருப்பு மலர்கள்’ தந்தார். யாரும் ஏறெடுத்துப் பாராத திருநங்கையரைப் பற்றி அந்நூலிலே அவர் பாடினார். அன்று அவர்களை மதித்து அழைக்க ஒரு சொல்கூட ஊரிலே வழங்கவில்லை. தமிழ்நாட்டு அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது 2008இல்; கவிஞன் முப்பத்தேழு ஆண்டு முன்னே நடந்திருக்கிறான்! அத்தகைய கையைத் திரைப்படம் அழைத்துக்கொண்டது, கட்சி அழைத்துக்கொண்டது. பாட்டெழுதினார். நல்ல பாட்டும் எழுதினார். இருந்தாலும் ‘கருப்பு மலர்க’ளை எழுதியவர் அதற்கு மேலே ஏற வேண்டிய படிகள் ஏறாமலே நின்றுவிட்டன என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

அப்துல் ரகுமான் திரைப்படத்தின் அழைப்பை ஏற்கவில்லை. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியிலே ஆசிரியராக அமர்ந்தார். 1974இல் ‘பால்வீதி’, 1999இல் ‘ஆலாபனை’க்குச் சாகித்திய அகாதெமி விருது. சப்பானிய ஐக்கூவையும் உருதுக் கசலையும் தமிழுக்குப் பழக்கினார். பிற்காலத்தில் அவரையும் பதவி தேடி வந்தது. வக்பு வாரியத் தலைவரானார். மேடைப் புகழ் அவருக்குக் குறைவில்லை. ஆனால் ஆசிரியர் என்ற முறையிலே நம்மைக் கவர்வது வாணியம்பாடி வகுப்பறைதான்.

மீராவோ தம் எழுதுகோலைச் சற்றுச் சாய்த்து வைத்துவிட்டு, பிறர் எழுதியவற்றை அச்சேற்றப் புறப்பட்டார். சிவகங்கையிலே ‘அன்னம்’ பதிப்பகம். கி. ராஜநாராயணனின் நூல்களும் வந்தன; பெயர் தெரியாத இளைஞரின் முதல் தொகுப்பும் வந்தது. கைப்பொருளைக் கொட்டி அடுத்தவன் கவிதையை அச்சிடுவது எத்தகைய பைத்தியக்காரத்தனம் என்பது அச்சகத்துக்குக் கடன் சொல்லி நின்றவர்களுக்கே தெரியும். 64 பக்கத்துக்கே நாம் பட்ட பாட்டைப் பின்னே சொல்லப்போகிறோம். 2002இல் அவர் மறைந்தார். அபி, கூட்டத்துக்கு அப்பால், ஓசையில்லாமல் எழுதிக்கொண்டேயிருந்தார். 2019இல் விஷ்ணுபுரம் விருது வந்தபோது பலர் அவரைப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள்.

இன்குலாப்பைக் கடைசியில் வைத்திருக்கிறோம். காரணம், அவர் நம் பக்கத்து ஊர்க்காரர். கீழக்கரையில் பிறந்தவர், வாழ்வின் இறுதியில் ஊரப்பாக்கத்தில் வாழ்ந்தவர். தாம்பரத்திலிருந்து தெற்கே மூன்றாவது நிலையம். 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியிலே 44 உயிர்கள் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டபோது, மொழிப் போரில் நின்ற இளைஞர் கூலி கேட்டவர்களின் பக்கம் நடந்தார், திரும்பி வரவேயில்லை. சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே எழுதினார். தாழ்த்தப்பட்டோர் தம்மை மனிதரென்று முழங்கும் அவரது பாடலை, கே. ஏ. குணசேகரன் குரலிலே கேட்ட ஊர்கள் எத்தனை! ‘ஔவை’ நாடகம் எழுதினார். ஈழத்திலே தமிழர் மடிந்தபோது கலைமாமணி விருதைத் திருப்பித் தந்தார். அவர் மறைந்த பின் 2017இல் ‘காந்தள் நாட்க’ளுக்கு அறிவிக்கப்பட்ட சாகித்திய அகாதெமி விருதையும் குடும்பத்தார் ஏற்கவில்லை.

2016 டிசம்பர் 1ஆம் நாள் அவர் மறைந்தார். 2017 மே மாதம் காமராசன் மறைந்தார். அடுத்த மாதமே, ஜூன் 2ஆம் நாள், பனையூர் இல்லத்தில் அப்துல் ரகுமான் மறைந்தார். ஒரே கல்லூரியில் பயின்ற மூவர், ஏழு மாதத்துக்குள்!

இனி நம் கதைக்கு வருகிறோம்.

அந்த டிசம்பரில் நாம் கல்லூரி முதலாண்டு. தாம்பரத்தை அடுத்த ஒரு கல்லூரி. சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியிலே கூடுவோம். கவிதைப் பட்டறை என்று பெரிய பெயர், ஆட்கள் ஐவர். குரோம்பேட்டைத் தோழர், வண்டலூர்த் தோழர், செம்பாக்கத்துத் தோழர், அனகாபுத்தூர்த் தோழி, நாம். எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதையைப் படிப்பது, மற்றவர் பேசி முடிக்கும் வரை எழுதியவர் வாய் திறவாதிருப்பது என்பது எங்கள் சட்டம். எங்கிருந்தோ கடன் வாங்கிய சட்டம்தான். பெயர் மறைத்தும் பயனில்லை. தோழி எழுதியதென்றால் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். எங்கள் நால்வருக்கும் அப்படி எழுத வராது.

இன்குலாப்பின் செய்தி வந்ததும் ஐவரும் ரயிலேறி ஊரப்பாக்கம் சென்றோம். சடங்கு இல்லை, மந்திரம் இல்லை. உடல் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் கற்பதற்காகக் கொடுக்கப்படுகிறது என்றார்கள். வாழ்நாளெல்லாம் கற்பித்தவர், இறந்த பிறகும் வகுப்பறைக்கே போகிறார்! நாங்கள் சிலிர்த்துப் போனோம். திரும்பும் வழியிலே, நடைமேடையில் நின்று, செம்பாக்கத்துத் தோழர் தியாகராசர் கல்லூரிக் கவிஞர்களின் பெயர்களை விரல்விட்டு எண்ணினார். மேலே எழுதியிருக்கும் அதே பட்டியல்தான்.

தோழி கேட்டார்: “இவங்கள்ல பொண்ணு யாரும் இல்லையா?”

“இருந்திருப்பாங்க” என்றோம்.

“இருந்திருந்தா பேரு ஏன் நமக்குத் தெரியல?”

தேடிப் பார்ப்போம் என்றோம். ரயில் வந்தது. இன்றுவரை தேடவில்லை.

பத்து நாள் கழித்து, டிசம்பர் 12ஆம் நாள், வர்தா புயல் வீசியது. சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எங்கள் தூங்குமூஞ்சி மரமும் அவற்றில் ஒன்று. பட்டறை ஓர் அறைக்குள் குடிபெயர்ந்தது. அந்த அறையிலேதான் தோழி தறிக் கவிதையைப் படித்தார். அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். ஒரு காலத்திலே நைசீரியாவுக்குத் துணி நெய்து அனுப்பிய ஊர். 2015 டிசம்பரிலே அடையாறு பெருகி வந்து தோழியின் வீட்டுக் குழித்தறியின் குழியை நிரப்பிவிட்டது. தந்தை இரவெல்லாம் குடத்தால் நீரை மொண்டு ஊற்றினார். விடிந்து பார்த்தால், மிதிகட்டைகளுக்கு நடுவே ஒரு கெளுத்தி மீன் நீந்திக்கொண்டிருந்தது. இவ்வளவுதான் கவிதை. அழுகை இல்லை, அரசைச் சாடும் அடுக்குமொழி இல்லை. படித்து முடித்ததும் அறையிலே யாரும் பேசவில்லை. வண்டலூர்த் தோழர் மட்டும் தம் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று அவர் படிக்கவில்லை.

2019இல் தொகுப்பு ஒன்று போட எண்ணினோம். தலைக்கு ஆயிரம் ரூபாய், 64 பக்கம், 300 படிகள், திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகம். தொகுப்பாசிரியர் நாம். மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த நாளிலே தோழியின் தந்தையார் நம்மைத் தேடி வந்தார்.

அவரைக் கொடியவராக எண்ணிவிடாதீர்கள். அவர் நம்மவர்! வீட்டுச் சுவரிலே பெரியார் படம். மகளுக்குத் தூய தமிழ்ப் பெயர். கூட்டம் என்றால் நெசவை நிறுத்திவிட்டுச் செல்பவர். அத்தகையவர் சொன்னார்: “நான் ஜாதகம் பாக்குறவன் இல்ல, தம்பி. சாமி கும்பிடுறவனும் இல்ல. ஆனா ஊரு அப்படி இல்லையே. பொண்ணு பேரு புத்தகத்துல வந்தா, யார நெனச்சு எழுதுனான்னு கேப்பான். வரன் பாத்துக்கிட்டு இருக்கோம். பாட்ட எடுத்துடுங்க.”

தறியைப் பற்றிய கவிதையாயிற்றே, அதில் யாரை நினைப்பது என்று கேட்டிருக்கலாம். “ஐயா, பெண் ஏன் அடிமையானாள் என்று கேட்ட கிழவரின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறீர்களே” என்று சொல்லியிருக்கலாம். மேடையிலே ஆயிரம் முறை சொன்னவர்கள்தாம் நாம். எதையும் சொல்லவில்லை. “சரிங்க ஐயா” என்றோம். அந்தச் ‘சரிங்க ஐயா’வைச் சொல்லக் கால் மணி நேரம்கூட நமக்குத் தேவைப்படவில்லை. எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. தந்தை சொல்லிவிட்டார், தொகுப்பாசிரியர் தலையசைத்தார், நான்கு பக்கம் கழிந்தது. கழிந்த நான்கு பக்கத்திலே நம் கவிதைகள் இரண்டைச் சேர்த்தோம். இதையும் சொல்லிவிடுகிறோம், மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தோழிக்குத் திருமணம், பம்மலில் ஒரு மண்டபத்தில். சுயமரியாதைத் திருமணம்! புரோகிதர் இல்லை, தீ இல்லை, நல்ல நேரம் இல்லை. 1967இல் அண்ணா கொண்டுவந்த சட்டத்தின்படி, சான்றோர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். நாம் வாழ்த்துப்பா படித்தோம். பொருள், பெண் விடுதலை. கைத்தட்டல் ஓயவில்லை, தந்தையார் கண்கலங்கி நமக்குத் துண்டு போர்த்தினார். பரிசாக எதைக் கொடுத்தோம் தெரியுமா? அந்தத் தொகுப்பை! தோழி அதை வாங்கினார். உள்ளடக்கப் பக்கத்தைப் புரட்டி, மேலிருந்து கீழாக ஒருமுறை விரலை ஓட்டினார். அவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ, அப்போதுதான் தெரிந்ததோ, நமக்கு இன்றும் விளங்கவில்லை. “அட்டை நல்லா இருக்கு” என்றார். அடுத்து நின்றவர் மொய் உறையோடு முன்னே வந்தார். நாம் பந்திக்குச் சென்றோம்.

மற்ற தோழர்கள்? வாழ்கிறார்கள். குரோம்பேட்டைத் தோழர் பழைய மாமல்லபுரம் சாலையிலே ஒரு கணினி நிறுவனத்தில் இரவுப் பணி. அலுவலகத்தார் பிறந்தநாளுக்கு நான்கு வரி வாழ்த்து எழுதித் தருகிறார். வண்டலூர்த் தோழர் வடபழனியிலே ஒரு பாடலாசிரியருக்கு உதவி. அவர் எழுதிய வரியை நாம் தேநீர்க்கடை வானொலியில் கேட்டிருக்கிறோம், அவர் பெயரைக் கேட்டதில்லை. செம்பாக்கத்துத் தோழர் கவியரங்குகளில் முழங்குகிறார். வட்டச் செயலாளரைச் சூரியனென்றும், மாவட்டச் செயலாளரை அதனினும் பெரிய சூரியனென்றும் பாடுவதால் வீட்டிலே பொன்னாடைகள் குவிந்துகிடக்கின்றன. சிரிக்கிறோமே தவிர, குறைகூறவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறது. மதுரையில் பெரியவர்கள் நடந்த அதே பாதைகள், ஒற்றையடிப் பாதைகளாகத் தேய்ந்து, நம் ஊர்வரை வந்திருக்கின்றன. அந்த நால்வழியில் எந்த வழியிலும் தோழியின் காலடி இல்லை.

பட்டறையே இல்லாமல் எழுதிய பெண்களை எண்ணிப் பார்க்கிறோம். துவரங்குறிச்சி சல்மா, பருவம் எய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். வீட்டாருக்குத் தெரியாமல், மறைவிடம் தேடி, புனைபெயரில் எழுதியவர். 2000இல் முதல் தொகுப்பு வந்தது. 2001இல் ஊராட்சித் தலைவராக வென்றார். 2025இல் மாநிலங்களவை சென்றார். சுகிர்தராணி நம்மைப்போலப் பள்ளி ஆசிரியை. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் பாமாவின் எழுத்தோடு அவரது கவிதைகளையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. 2023இல், அதானி நிறுவனம் புரவலர் என்பதால், தமக்கு வந்த விருதொன்றை அவரே வேண்டாமென்றார். இவர்களுக்கு மரத்தடி இல்லை, கை தூக்கிவிடும் தோழர் குழாம் இல்லை. இவர்கள் வென்றார்கள் என்று பெருமை பேசுவது எளிது. அவர்கள் வென்றதைக் காட்டி, தோற்றவர்களை நாம் மறந்துவிடுகிறோம். எழுத இடமும் அச்சிட ஆயிரம் ரூபாயும் கைத்தட்ட நான்கு தோழரும் இருந்த ஓர் அறையிலேதான் அனகாபுத்தூர்த் தோழி காணாமற்போனார்! வைதிகரா அவரை விரட்டினார்? இல்லை. பகுத்தறிவு பேசிய இருவர், ஒரு பிற்பகலில், மெய்ப்புத் தாளின் மேலே கை வைத்துப் பேசி முடித்தோம்.

இவ்வளவையும் ஏன் இப்போது எழுதுகிறோம்?

நம் பள்ளியிலே வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை எழுத்துப் பயிற்சிக்கு. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி. நாகல்கேணித் தோல் தொழிற்சாலை ஒன்றிலே வேலை செய்யும் தாயின் மகள். பள்ளி ஆண்டுமலருக்கு ஒரு கவிதை கொடுத்தாள். நியாயவிலைக் கடையிலே விரல்ரேகைக் கருவி தாயின் விரலை ஏற்க மறுக்கிறது. சுண்ணாம்பிலும் இரசாயனத்திலும் ஊறி ஊறி ரேகை தேய்ந்துபோயிற்று. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. தாய் விரலைச் சேலையிலே துடைத்துத் துடைத்து மறுபடியும் வைக்கிறாள். படித்தபோது குழித்தறியில் நீந்திய கெளுத்தி மீன் நம் நினைவுக்கு வந்தது.

மறு வாரம் தாய் வந்தார். வகுப்பறை வாசலிலே நின்றார். “சார், இது ஏதோ பாட்டு எழுதுதாம், புத்தகத்துல பேரு வருதாம். வேணாம் சார். அப்பா இல்லாத பொண்ணு. நாளைக்கு மாப்பிள்ள வீட்ல கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?”

ஆறு ஆண்டுக்கு முன் கேட்ட அதே பேச்சு. ‘சரிங்க’ என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது, பழக்கம் அல்லவா! விழுங்கிக்கொண்டோம். “அம்மா, அந்தப் பாட்டில் என்ன இருக்கிறதென்று கேட்டீர்களா?” என்றோம். கேட்கவில்லை என்றார். மாணவியைப் படிக்கச் சொன்னோம். முதலில் குரல் எழவில்லை, பிறகு படித்தாள். தாய் தம் வலக்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். படித்து முடித்த பிறகும் அந்தக் கை வெளியே வரவில்லை.

நெடுநேரம் கழித்துச் சொன்னார்: “போட்டுக்குங்க. ஆனா ஒண்ணு. யாராச்சும் வந்து கேட்டா, நீங்கதான் சார் எங்க வீட்டுக்கு வந்து பதில் சொல்லணும்.”

வருகிறோம் என்று சொல்லிவிட்டோம். சொன்ன பிறகுதான் அச்சம் பிறந்தது. இந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும். பிறகு கல்லூரியோ, திருமணமோ, தொழிற்சாலையோ. நாம் எத்தனை நாள் வாசலில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? நாம் சொல்லும் பதில் எவர் காதில் ஏறும்? நம்மைவிடத் தெரிந்த ஒருவர் அவளுக்கு வேண்டும். அப்படி ஒருவரைத்தான் நமக்குத் தெரியுமே!

சென்ற ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் சென்றோம். தோழி அங்கேதான் இருக்கிறார். ஐந்து ஆண்டுக்குப் பிறகு பார்க்கிறோம். கணவர் நல்லவர், நாற்காலியைத் துடைத்துப் போட்டார், “எங்க வீட்டம்மா காலேஜ்ல படிச்சவங்கன்னு எனக்குத் தெரியும், கவிதை எழுதுவாங்கன்னு இப்பத்தான் தெரியுது” என்று சிரித்தார். தோழி சிரிக்கவில்லை. நான்கு வயதுக் குழந்தை நம் கைப்பையைக் குடைந்துகொண்டிருந்தது. மாணவியைப் பற்றிச் சொன்னோம். மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், நான்கைந்து பெண்கள் வருவார்கள், வந்து அமர்ந்தால் போதும் என்றோம். ஞாயிறுதான் வீட்டில் வேலை அதிகம் என்றார் தோழி. கணவர், “நான் பாத்துக்கறேன், போயிட்டு வா” என்றார். தோழி அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பொருள் சொல்ல நமக்குத் துணிவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் சென்றோம். வாய் வரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினோம். தறிக் கவிதை, தோழியின் கையெழுத்து, மெய்ப்புக் கட்டிலே கிடந்தது. இத்தனை ஆண்டும் அதைத் தூக்கிப்போடவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

“என்கிட்ட இது இல்ல” என்றார். நின்றபடியே படித்தார். அடுப்பில் பால் பொங்கும் ஓசை கேட்டது. கணவர் எழுந்து போனார். தோழி நம் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். கடைசி இரண்டு வரிகளை நேர்க்கோடு இழுத்து அடித்தார். அவ்விரண்டு வரிகளைத்தான் அன்று பட்டறையிலே நாங்கள் நால்வரும் ஒருமுகமாகப் பாராட்டியிருந்தோம்.

“இது வேணாம். மீனோட நின்னுடணும்” என்றார்.

தாளை நம்மிடமே கொடுத்தார். இதைப் பத்திரிகைக்கு அனுப்பட்டுமா, பெயரோடு அனுப்பட்டுமா என்று கேட்டோம்.

“இந்தத் தடவ என்னையக் கேட்டீங்களே” என்றார். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, “அந்தப் பொண்ணு எழுதினத எடுத்துட்டு வாங்க. மொதல்ல அத நான் படிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் பாலை இறக்க உள்ளே சென்றார்.